துறைமுகச் சேற்றில் பிளாஸ்டிக்கை எண்ணுவது எப்படி?

"இன்னா தம்பி, கொசுவலைல மீன் புடிக்கப் போறியா?"

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பக்கத்துப் படகில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். கேள்வி எங்கள் படகில் இருந்த ஆராய்ச்சி மாணவருக்கு. அவர் கையில் அகலமான வாய் கொண்ட ஓர் உலோகச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மிதவைகள், பின்னால் நீளமாகத் தொங்கும் வெள்ளை வலை. கொசுவலை என்று பெரியவர் சொன்னதில் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் கொசுவலையின் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இதன் கண் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.3 மில்லிமீட்டர். மாணவர் சிரித்துக்கொண்டே, "மீனு இல்ல பெரியப்பா, பிளாஸ்டிக்" என்றார். "அத புடிக்க வலை எதுக்கு, கைலயே அள்ளலாமே" என்று பெரியவர் தண்ணீரைக் காட்டினார். தெர்மாகோல் துண்டு, கயிற்று நுனி, தண்ணீர் பாக்கெட், ஒரு செருப்பு. அவர் சொன்னதும் சரிதான்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவன். திரும்பும்போது மாணவரிடம் கேட்டேன், இந்தத் துறைமுகத் தண்ணீரில் மொத்தம் எவ்வளவு பிளாஸ்டிக் துகள் இருக்கும் என்று. அவர் திருப்பிக் கேட்டார்: "எந்த வலையில அண்ணா?"

அப்போது தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் படித்த பிறகுதான் அது எவ்வளவு நேர்மையான பதில் என்று புரிந்தது. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடலாம். 5 மில்லிமீட்டருக்குச் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள், தமிழில் நுண்நெகிழி. 2004இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்தப் பெயர் பரவியது. 5 மில்லிமீட்டர் என்ற எல்லை பின்னால் வந்தது. அந்த எல்லைக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பதைச் சமையலறைப் பொருட்களை வைத்துச் சொன்னால் எளிது. பச்சைப்பயறு அளவு மேல் எல்லை. கடுகு நடுவில். ரவையும் தூள் உப்பும் வலையில் தப்பினால் தப்பும், மாட்டினால் மாட்டும் அளவு. அதற்குக் கீழே முடியின் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கும் கீழே கண்ணுக்கே தெரியாதவை. பயறையும் மாவையும் ஒரே பெயரில் அழைத்தால் எண்ணும்போது என்ன குழப்பம் வருமோ, அதே குழப்பம்தான் இந்தத் துறை முழுக்க இருக்கிறது.

சில துகள்கள் சின்னதாகவே பிறக்கின்றன. பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகப் போகும் குருணைகள் அப்படி. மற்றவை பெரிய பொருள் வெயிலில் காய்ந்து, உரசி, உதிர்ந்து வருபவை. துறைமுகத்தில் இந்த இரண்டாவது வகைக்குப் பஞ்சமே இல்லை. கயிறு தேய்கிறது. வலையை வெட்டித் தைக்கும்போது நைலான் நூல் துண்டுகள் விழுகின்றன. மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி உடைந்து மணி மணியாகச் சிதறுகிறது. சுவரில் மோதாமல் இருக்கப் படகின் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடும் பழைய டயர் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கரைகிறது. யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று பெயின்ட். படகின் அடியைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடிக்கும்போது உதிரும் செதிலும் பிளாஸ்டிக் கணக்கில்தான் சேரும், ஏனென்றால் அந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருப்பது எபாக்சி, பாலியூரித்தேன் போன்ற பிசின்கள். கரையில் யாராவது சுரண்டுவதைப் பார்த்தால் காலடியில் கிடக்கும் நீலத் தூளைக் கவனியுங்கள். அடுத்த மழைக்கு அது தண்ணீரில் இருக்கும்.

இதோடு ஊர்க் கழிவும் சேர்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கூவம் கடலில் கலக்கிறது. வீடுகளில் பாலியஸ்டர் துணி துவைத்த தண்ணீரில் வரும் இழைகள் சாக்கடை வழியாகவும் ஆறு வழியாகவும் கடலுக்கு வருகின்றன.

வந்தது எல்லாம் ஏன் துறைமுகத்தில் தங்குகிறது? துறைமுகம் கட்டுவதே அலையை வெளியே நிறுத்தத்தான். கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினால் உள்ளே தண்ணீர் அசையாமல் நிற்கும். அசையாத தண்ணீரில் வண்டல் படியும். அதனால்தான் துறைமுகங்களை அடிக்கடி தூர்வார வேண்டியிருக்கிறது. வண்டல் படியும் இடத்தில் அதே போல நுண்ணிய பிளாஸ்டிக்கும் படியும். பாத்திரம் கழுவும் தொட்டியின் மூலையில் பருக்கை சேர்வது மாதிரி.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். பிளாஸ்டிக் மிதக்குமே, அது எப்படி அடியில் படியும்? வீட்டிலேயே பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியிலிருந்து சின்னத் துண்டு, பாட்டில் உடம்பிலிருந்து ஒரு துண்டு, பழைய டூத் பிரஷ்ஷின் சில மயிர்கள். மூன்றையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சோப்பு ஒரு சொட்டு விட்டு ஸ்பூனால் அமுக்கி விடுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். மூடித் துண்டு மேலே வந்துவிடும். பாட்டில் துண்டும் பிரஷ் மயிரும் அடியில் கிடக்கும். இப்போது உப்பைக் கொட்டிக் கரையுங்கள். இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு, 100 மில்லி தண்ணீருக்கு 35 கிராம் போல. நைலான் பிரஷ் மயிர் மெல்ல எழுந்து மேலே வரும். பாட்டில் துண்டு அப்போதும் அசையாது.

காரணம் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் நல்ல தண்ணீரின் எடை 1 கிராம், கடல்நீர் 1.025, உப்பு முழுதாகக் கரைந்த தண்ணீர் 1.2. மூடி செய்யும் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் 0.9 சொச்சம். நைலான் 1.14 சுமாருக்கு. பாட்டில் செய்யும் பெட் சுமார் 1.38, பிவிசியும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, கடலில் பாட்டில் மூடி மிதக்கும்போது பாட்டிலின் துணுக்கு தரைக்குப் போய்விடுகிறது. பெயின்ட் செதில் உதிர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூழ்கும். மிதப்பவையும் என்றைக்கும் மிதப்பதில்லை. பாசியும் கிருமியும் மேலே படர்ந்து, பாசிப்படலத்தில் மண் ஒட்டி, கனம் கூடி அவையும் இறங்கும். அதனால் தண்ணீரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். சோதனைக்கு அள்ளும் தண்ணீர், அதாவது தண்ணீர் மாதிரி, அன்றைய நாளின் ஃபோட்டோ. சேறு பல மாத வரவு பதிந்த பாஸ்புக்.

இனி வலை. படகை மெதுவாக ஓட்டி வலையை நீர்ப்பரப்பில் இழுக்கிறார்கள். வலையின் வாயில் சின்னக் காற்றாடி போன்ற ஒரு கருவி சுழலும், எவ்வளவு தூரம் தண்ணீர் உள்ளே ஓடியது என்று அது எண்ணும். படகு ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தவறும், ஏனென்றால் நீரோட்டம் எதிரே வந்தால் அதிகத் தண்ணீர் புகும், கூடவே வந்தால் குறையும். வலை வாய் 60 சென்டிமீட்டர் அகலம், தண்ணீருக்குள் 15 சென்டிமீட்டர் ஆழம், ஓடிய தண்ணீர் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.6 × 0.15 × 1,000 = 90 கன மீட்டர். வலையில் 45 துண்டு கிடைத்தால் கன மீட்டருக்கு அரைத் துண்டு.

கேட்க நிம்மதியாக இருக்கிறது, இல்லையா? அங்கேதான் மாணவரின் கேள்வி வருகிறது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஸ்டெனுங்சுண்ட் என்ற ஊரில் பாலிஎத்திலீன் ஆலை ஒன்று இருக்கிறது. 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஆலைக்கு வெளியே உள்ள துறைமுகத் தண்ணீரை 80 மைக்ரான் வலையில் வடித்தபோது ஒரு கன மீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் துகள்கள் கிடைத்தன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 80 மைக்ரான் என்றால் கிட்டத்தட்ட ஒரு முடித் தடிமன். அதே ஆய்வில் 450 மைக்ரான் வலையோடு ஒப்பிட்டபோது சின்னக் கண் வலை பிடித்த இழைகள் சில இடங்களில் ஒரு லட்சம் மடங்கு வரை அதிகம். அதே ஸ்வீடன் கரைதான். வலையின் கண் மாறியது, விடை தலைகீழானது. குறிப்பாக இழைகள். ஓர் இழை 2 மில்லிமீட்டர் நீளம் இருந்தாலும் தடிமன் 15, 20 மைக்ரான்தான். தலை நுழைந்தால் போதும், நழுவிவிடும்.

அப்படியானால் எப்போதும் நுண்ணிய வலையே போடலாமே? போடலாம், பத்து நிமிடத்தில் பாசியும் சேறும் அடைத்துக்கொள்ளும். துறைமுகத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். தவிர, கப்பல்களுக்கும் விசைப்படகுகளுக்கும் இடையில் வலையை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓட இடம் எங்கே? அதனால் நாங்கள் போன அன்று வலை இழுத்ததெல்லாம் முகப்புக்கு வெளியே. உள்ளே பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்து, இட்லிப் பானைத் தட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுச் சல்லடைகளில் வடித்தார்கள். இதில் இழைகளும் மாட்டும். ஆனால் வடிக்கிற தண்ணீரின் அளவு குறைவு, எப்போதாவது ஒன்று தென்படும் குருணை அதில் கிடைக்காமலே போகலாம். இரண்டு முறையும் ஒன்றை ஒன்று ஈடுகட்டாது. ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்து ஒப்பிடுவது, அரிசியைப் படியிலும் மாவை எடையிலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று சண்டை போடுவது மாதிரி.

சேறு எடுப்பது பார்க்க ரசமாக இருக்கும். இரண்டு இரும்புக் கைகள் விரிந்த நிலையில் கயிற்றில் இறங்கும். தரையில் இடித்ததும் கொக்கி விடுபடும், கயிற்றை இழுத்தால் கைகள் மூடி ஒரு வாய் சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். நாங்கள் இருந்த இடத்தில் வந்தது கறுப்பு, வழவழப்பு, அழுகிய முட்டை நாற்றம். அதன் மேல் பரப்பிலிருந்து உலோகக் கரண்டியால் அள்ளிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டார்கள். பிளாஸ்டிக் டப்பா கிடையாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை. முதல் தடவை வந்ததில் ஒரு கயிற்றுச் சுருள் இருந்தால் அதுவே அந்த இடத்தின் குணம் என்று எழுதிவிடக் கூடாதே.

பாஸ்புக் என்று சொன்னேன். துறைமுகச் சேற்றில் அந்தப் பாஸ்புக்கின் பக்கங்கள் கிழிந்திருக்கும். போன வருடம் தூர்வாரியிருந்தால் மேல் அடுக்கு போய்விட்டது. கப்பலின் விசிறி ஒவ்வொரு முறையும் அடியைக் கலக்கிவிடுகிறது. அதனால் துறைமுகத்தில் குழாய் இறக்கி அடுக்கடுக்காகச் சேறு எடுத்து, மேலே இந்த வருடம், கீழே அந்த வருடம் என்று படிப்பது ஆபத்தான வேலை. கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று கேட்காமல் எடுத்த மாதிரிக்குப் பாதி மதிப்புதான் என்பேன். வாரிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும். அதோடு பிளாஸ்டிக்கும் அங்கே போயிருக்கும்.

ஆய்வகத்தில் நடப்பது டம்ளர் சோதனையின் பெரிய வடிவம். சேற்றை உப்புக்கரைசலில் கலக்கி, தெளியவிட்டு, மேலே வந்ததை வடிக்கிறார்கள். அந்த உப்புக்கரைசலையும் முதலில் வடிகட்டியாக வேண்டும், ஏனென்றால் கடல் உப்பிலேயே நுண்நெகிழி இருக்கிறது. தூத்துக்குடி உப்பிலும் பார்த்திருக்கிறார்கள். சாதா உப்பில் பெட்டும் பிவிசியும் எழும்பாது என்று பார்த்தோம். அவையும் வேண்டுமென்றால் சோடியம் அயோடைடு, சிங்க் குளோரைடு போன்ற கனமான கரைசல் தேவை. முதலாவது விலை, இரண்டாவது அரிக்கும், விஷம். காசு குறைந்த ஆய்வகங்கள் உப்போடு நிறுத்திக்கொள்கின்றன. அதில் குற்றமில்லை, ஆனால் அறிக்கையில் 'பெட் மிகக் குறைவு' என்று வந்தால் நீங்கள் கரைசலின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மிதந்து வருவதில் பிளாஸ்டிக் மட்டுமா இருக்கும்? மக்கிய இலை, பாசி, புழுவின் கூடு எல்லாம் வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் உயிர்ப்பொருள் நுரைத்துக் கரையும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் சில பிளாஸ்டிக்கும் இளகிவிடும். மிச்சத்தை வடிதாளில் பிடித்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறார்கள். சந்தேகமான துண்டின் மேல் சூடான ஊசி முனையை வைத்தால் பிளாஸ்டிக் சுருளும், சிப்பி சும்மா இருக்கும். இது பழைய வித்தை, பெரிய துண்டுக்குச் சரி. சின்னத் துண்டில் கண்ணை நம்பவே முடியாது. நிலக்கரி இறங்கும் துறைமுகத்தில் கறுப்புப் பொடி எல்லாமே டயர் மாதிரி தெரியும். அதனால் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி ஒவ்வொன்றும் எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் தனிக் கைரேகை உண்டு, கணினியில் உள்ள தொகுப்போடு அதைப் பொருத்துவார்கள். இதற்கு எஃப்டிஐஆர் என்று பெயர். கறுப்புத் துண்டுகள் அங்கேயும் தொல்லை, கரி கதிரை எல்லா இடத்திலும் விழுங்கிவிடும்.

கடைசியில் எண் வருகிறது, எந்த அலகில் என்பதுதான் கேள்வி. குஜராத்தின் ஆலங் கப்பல் உடைக்கும் கரையில் 2006இல் வந்த ஆய்வு, ஒரு கிலோ வண்டலில் சராசரியாக 81 மில்லிகிராம் சிறு பிளாஸ்டிக் என்றது. பெல்ஜியம் துறைமுகங்களின் வண்டலில் ஒரு கிலோவுக்கு 390 துகள் வரை இருந்ததாக 2011 ஆய்வு சொன்னது. எங்கே அதிகம்? சொல்ல வழியில்லை. ஒன்று எடை, ஒன்று எண்ணிக்கை. ஒரு குருணை சுமார் 20 மில்லிகிராம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள 20 மைக்ரான் இழையின் எடையைக் கணக்குப் போட்டால், ஒரு குருணைக்கு ஈடு கட்ட 40,000 இழைக்கு மேல் வேண்டும். ஈரம் இன்னொரு பொறி. பாதி தண்ணீராக இருக்கும் 100 கிராம் சேற்றில் 20 துகள் என்றால், ஈர எடையில் கிலோவுக்கு 200, உலர்ந்த எடையில் 400. மாசு இரட்டிப்பாகவில்லை, சேறு காய்ந்தது, அவ்வளவுதான்.

இத்தனை சிக்கல் இருக்கும்போது எண்ணி என்ன பயன் என்று தோன்றலாம். ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிடத்தான் கஷ்டம். ஒரே இடத்தை, ஒரே வலையில், ஒரே முறையில், திரும்பத் திரும்ப எண்ணினால் அந்த இடத்தின் போக்கு தெரியும். கண்காணிப்பு என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் பொருள். சென்னைக் கடற்கரையில் 2015 மார்ச்சில் குருணைகளை எண்ணியவர்கள், அந்த ஆண்டு நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் எண்ணினார்கள். வெள்ளத்துக்குப் பின் எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது. கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டியவை. மார்ச் கணக்கு இல்லாவிட்டால் நவம்பர் கணக்கு வெறும் எண்ணாக நின்றிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று நம் கரையில் எடுப்பது இதனால்தான். கரையோர நீரோட்டமும் ஆண்டுக்கு இரு முறை திசை மாறுகிறது.

2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தபோது அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்தது. நீர்கொழும்புப் பக்கம் கரை வெள்ளையாகிப்போனது. 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியதும் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் குருணை ஒதுங்கியது. இந்த மாதிரி நேரத்தில் இழப்பீடு கேட்கப் போனால் முதலில் வரும் கேள்வி, இதற்கு முன்னால் இங்கே எவ்வளவு இருந்தது என்பது. பழைய கணக்கேடு வைத்திருக்கிறவர்களிடம் மட்டும்தான் அதற்குப் பதில் இருக்கும்.

சொல்ல மறந்துவிட்டேன், ஒவ்வொரு நாளும் ஒரு 'வெற்று மாதிரி' வைக்கிறார்கள். சேறு எதுவும் போடாத சுத்தமான தண்ணீர், மற்ற மாதிரிகள் போகிற எல்லா வழியிலும் போய்வரும். படகில் திறந்து வைப்பார்கள், ஆய்வகத்தில் வடிப்பார்கள். அதில் துகள் இருந்தால் அது காற்றிலிருந்தோ நம் உடம்பிலிருந்தோ வந்தது, மற்ற மாதிரிகளின் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து மாணவர் போன் செய்தார். அன்றைய வெற்று மாதிரியில் ஏழு இழை இருந்ததாம், ஏழும் ஒரே நீலம், ஏழும் பாலியஸ்டர். அன்று எடுத்த எல்லா மாதிரியிலும் நீல இழையைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"படகுல நீங்க போட்டிருந்த டீ-ஷர்ட் என்ன கலர்ணா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "அடுத்த தடவ காட்டன் சட்ட போட்டுட்டு வாங்க" என்றார்.